லயத்த பென்சில்ல வரைஞ்ச மாதிரி ரெண்டர் எடுக்குறது எப்பிடி? தகரக் கூரை முழுக்க கறுப்பா வருது

பீலிக்கரை

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க. எங்க அம்மாயி பொறந்து வளந்த லயம் (தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையா கட்டுன வீடு) இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம். மண்சரிவு பயத்துல ஆளுகள எல்லாம் கீழ எறக்கிட்டாங்க, அப்புறம் லயத்தயும் இடிச்சாச்சு. போட்டோன்னு ஒண்ணுமே இல்ல, மாமா கல்யாணத்துல எடுத்த ஒரு போட்டோல பின்னால இஸ்தோப்பு (முன் திண்ணை) தூண் ஒண்ணு பாதி தெரியும், அவ்வளவுதான். அதனால அம்மாயிகிட்ட கேட்டுக் கேட்டு ப்ளெண்டர்ங்குற 3டி சொஃப்ட்வெயார்ல அந்த லயத்த கட்டிக்கிட்டு இருக்கேன். முன்பக்கம் ஆறு காம்பரா (அறை) பின்பக்கம் ஆறு, முதுகோட முதுகு ஒட்டுன லயம், ஒரு காம்பரா 10க்கு 12 அடி, முன்னுக்கு இஸ்தோப்பு, இஸ்தோப்புல அடுப்பு, மேல தகரம்.

நான் கண்டியில ஒரு ஆபிஸ்ல வீட்டு பிளான் வரையிற வேல செய்யிறேன், அதனால மொடல் பண்றது கஷ்டமா இல்ல. ரெண்டர், அதாவது மொடல்லருந்து படமா எடுக்குறதுதான் பிரச்சினை. போட்டோ மாதிரி படம் குடுக்குற சைக்கிள்ஸ்ல எடுத்தா புதுசா கட்டுன ஹோட்டல் மாதிரி பளபளன்னு வருது. சரின்னு செவத்துக்கு கறை, தகரத்துக்கு துருன்னு டெக்ஸ்சர் போட்டேன், அப்ப பாத்தா யாரோ பரிதாபப்பட்டு எடுத்த போட்டோ மாதிரி ஆகிடுச்சு. அம்மாயி ரெண்டயும் பாத்துட்டு "இது யாரு வூடு?"ன்னு கேட்டிச்சு. எனக்கு மனசே விட்டுப்போச்சு.

அதான் கையால வரைஞ்ச மாதிரி கொண்டுவரலாம்னு, மொடலோட ஓரத்துக்கு தானா கோடு போடுற லைன் ஆர்ட் மொடிஃபயர் போட்டேன். செவரு, கதவு எல்லாம் அழகா வருது, கூரை மட்டும் தார் ஊத்துன மாதிரி கறுப்பு. தகரத்துல இருக்குற ஒவ்வொரு அலைக்கும் கோடு விழுகுது. லெப்டொப் வேற பழசு, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்ல. ஒரு கோட்டுப் படம் வர டீ போட்டு குடிச்சிட்டு வரலாம். யாராச்சும் வழி சொல்லுங்க.

சவுக்குமரம்

தங்கச்சி, நல்ல வேல செய்யிறீங்க, விடாதீங்க. கூரைக்கு வழி இருக்கு.

மொதல்ல ஏன் கறுப்பா வருதுன்னு பாப்போம். லைன் ஆர்ட்டோ, ப்ளெண்டர்ல இருக்குற இன்னொரு கோட்டுக் கருவி ஃப்ரீஸ்டைலோ, எதுவா இருந்தாலும் அது கோடு போடுறது நாலஞ்சு காரணத்துக்குத்தான்: உருவத்தோட வெளி ஓரம், ரெண்டு பக்கம் மடங்குற மடிப்பு, ஒரு மெட்டீரியல் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கிற எடம், ரெண்டு பொருள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வெட்டுற எடம், அப்புறம் நம்மளே குறிச்சு வச்ச எட்ஜ் (விளிம்பு). உங்க தகரத்துல மொதல் ரெண்டும் சேர்ந்து அடிக்குது. சாய்வா பாக்கும்போது ஒவ்வொரு அலையும் தனித்தனியா ஒரு வெளி ஓரம்தான், மடிப்பு கோணத்த கூட்டிக் கொறைச்சு பாத்தாலும் அது போகாது. 

அதனால கூரைக்கு அலைய மொடல் பண்ணாதீங்க. வெறும் தட்டையா ஒரு பலகை வைங்க. அலை தெரியவேண்டியது கூரை நுனியில மட்டும்தான், அங்க மட்டும் வளைஞ்சு வளைஞ்சு ஒரு ஓரத்த வரைஞ்சு அத ஃப்ரீஸ்டைல் எட்ஜ்னு குறிச்சிடுங்க, லைன் ஆர்ட்லயும் அந்தக் குறிய எடுத்துக்கும், எட்ஜ் மார்க் பெட்டிய டிக் பண்ணா போதும். ஏற்கனவே பண்ணுன அலைத் தகரத்த அழிக்க மனசு இல்லேன்னா அத தனி கலெக்‌ஷன்ல போட்டு, அந்த கலெக்‌ஷனோட லைன் ஆர்ட் செட்டிங்ல "ஒக்லூஷன் ஒன்லி" குடுங்க. அது கோடு போடாது, பின்னால இருக்குறத மறைக்க மட்டும் செய்யும். ஆனா லெப்டொப் பழசுன்னா தட்டை பலகைதான் நல்லது, ஏன்னா இந்த ரெண்டும் கோட்ட கணக்கு பண்றது சிபியூல, மொடல்ல முகம் (ஃபேஸ்) கூடக்கூட நேரம் இழுக்கும். எல்லாம் சரியா வந்த ஒடனே லைன் ஆர்ட்ட பேக் (bake) பண்ணி அப்பிடியே வச்சிடுங்க, அப்புறம் ஒவ்வொரு தடவையும் மொதல்லருந்து கணக்கு போடாது.

மூடுபனி

நான் கேம் வேல செய்யிற ஆள், பண்டாரவளை. இவ்வளவு சுத்த வேணாமே. மொடல ஒரு சுத்து பெருசாக்கி உள்ள வெளிய திருப்பிப் போட்டு கறுப்பு மெட்டீரியல் குடுத்தா ஓரத்துல கோடு வந்துரும். சொலிடிஃபை மொடிஃபயர், நோர்மல (முகம் பாக்குற திசைய) திருப்பு, மெட்டீரியல்ல பேக்ஃபேஸ் கலிங் (பின்பக்கத்த காட்டாம விடுறது) ஓன் பண்ணு, முடிஞ்சிச்சு. எந்த லெப்டொப்லயும் பறக்கும், திருப்பித் திருப்பி பாக்கும்போதே கோடு கூடவே வரும்.

சவுக்குமரம்

தம்பி அது மனுச உருவத்துக்கு, மரத்துக்கு எல்லாம் அருமை, நானே பாவிக்கிறேன். ஆனா கட்டடத்துக்கு சரிவராது. அதுல வர்றது வெளி ஓரம் மட்டும்தான். செவரும் தரையும் சேருற உள் மூலை இருக்கே, அதுல கோடே வராது. லயத்துல முக்கியமான கோடு எல்லாம் உள் மூலைதான், இஸ்தோப்பு தரை செவத்துல முட்டுற எடம், படி தரையில முட்டுற எடம். கோடு ஒரே தடிப்பா வேற இருக்கும், பேனாக்கோட்டோட ஏத்த எறக்கம் வராது.

வேகமா வேணும்னா இன்னொரு வழி கொம்போசிட்டர்ல (எடுத்த படங்கள கலக்குற எடம்) இருக்கு. ரெண்டர் எடுக்கும்போது டெப்த் (தூரம்), நோர்மல் ரெண்டயும் தனிப் படமா எடுத்து, எங்க எங்க அது திடீர்னு மாறுதோ அங்க கோடு போடுறது. சைட்டோவும் டாகாஹாஷியும் 1990லயே எழுதி வச்ச யோசனை இது, இன்னைக்கு கேம்கள்ல வர்ற கோடுகள்ல நிறைய இதோட பேரப்பிள்ளைகதான். டெப்த்த மட்டும் நம்பாதீங்க, சாய்வா தெரியிற தரையில எல்லாம் பொய்க்கோடு விழும். நோர்மலயும் சேத்துக்கணும்.

சித்திர டீச்சர்

பிள்ளைகளா, நான் ஹட்டன் பக்கம் பாடசாலையில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கம்பியூட்டர் பற்றி அவ்வளவு தெரியாது, மகன்தான் இந்த இழையைக் காட்டினான். மகள் பீலிக்கரை, கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். பென்சில் மாதிரி வரவேண்டும் என்று இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு பென்சிலை எடுத்து வரையலாமே? உனக்கு பிளான் வரையத் தெரியும், கை பழகிய பிள்ளை. மெஷின் வரைந்தால் மெஷின் வரைந்த மாதிரித்தான் இருக்கும்.

பீலிக்கரை

டீச்சர், கோபமே இல்ல, நானும் இத யோசிச்சிருக்கேன். மொதல்ல கையாலதான் வரைஞ்சேன். ஆனா அம்மாயி ஒவ்வொரு தடவையும் ஒண்ண மாத்தி சொல்லும். "தண்ணிப் பீலி அந்தப் பக்கம் இல்ல, கோயிலுக்குப் போற படிக்கு இந்தப் பக்கம்"னு சொன்னா முழுப் படத்தயும் திரும்ப வரையணும். அப்புறம் "அடுப்படியிலருந்து பாத்தா ஸ்டோரு தெரியும்"னு சொல்லும், ஸ்டோருன்னா தேயிலை ஃபெக்டரி, அப்ப அடுப்படியிலருந்து இன்னொரு படம். மொடல்ல இருந்தா நான் பீலிய தூக்கி வச்சிட்டு கேமராவ அடுப்படிக்கு கொண்டுபோயிடுவேன். அதுக்காகத்தான் 3டி.

பென்சில் மாதிரி ஏன் வேணும்னா, எனக்கு பாதி விசயம் தெரியாது டீச்சர். கதவு என்னா நெறம், பின் காம்பராவுல ஜன்னல் இருந்துச்சா இல்லையா, யாருக்கும் சரியா ஞாபகம் இல்ல. போட்டோ மாதிரி ரெண்டர் எடுத்தா எல்லா எடத்துக்கும் நான் ஒரு பதில் வச்சே ஆகணும், நெறம் வைக்காம ஒரு கதவ போட்டோ மாதிரி காட்ட முடியாது. அப்ப நான் இட்டுக்கட்டுனது எல்லாம் உண்மை மாதிரி உக்காந்துக்குது. கோட்டுப் படத்துல தெரியாதத அப்பிடியே வெள்ளையா விட்டுரலாம்.

சித்திர டீச்சர்

இப்போது விளங்கியது. நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் மகள். அப்படியானால் உனக்குத் தேவை கோடு போடும் வழி மட்டும் இல்லை, கோடு போடாமல் விடும் வழி. பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதுதான். கூரைத் தகரத்தை வரையும்போது எல்லா அலையையும் வரையாதே, நுனியில் நாலு, நிழல் விழும் இடத்தில் ஐந்தாறு, மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் போட்டுக்கொள்ளும். செங்கல் சுவரும் அப்படித்தான், சவுக்கு மரத்து இலையும் அப்படித்தான். உங்கள் கம்பியூட்டருக்கு இது தெரியுமா?

சவுக்குமரம்

டீச்சர் நீங்க சொன்னதத்தான் 1994ல விங்கென்பாக், சலசின்னு ரெண்டு பேரு ஆராய்ச்சியா எழுதுனாங்க, பேனா மை ஓவியத்த கம்பியூட்டர்ல எப்பிடி கொண்டுவர்றதுன்னு. அதுல முக்கியமான ஒரு பகுதியே இதுதான். ஒரு செங்கல் வீட்ட எல்லா கல்லையும் வரைஞ்சு காட்டுனா சலிப்பா, கனமா இருக்கு; அங்கங்க கொஞ்சம் கல்ல மட்டும் வரைஞ்சுட்டு மிச்சத்த விட்டா முழு செவரும் செங்கல்னு தெரியுது. ஆனா எங்க விடணும்னு மெஷினா முடிவு பண்ணல, எங்க விவரம் வேணும்னு மனுசன்தான் குறிச்சுக் குடுக்கணும்.

நான் இத தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துல பண்ணிப் பாத்தேன். 1921ல கட்டி முடிச்ச பாலம், இரும்பு இல்லாம கல்லு செங்கல் சீமெந்துலயே நிக்குது. மொதல்ல எல்லா கல்லுக்கும் கோடு போட்டு எடுத்தா பாலமே தெரியல, மீன் வலை மாதிரி இருந்துச்சு. அப்புறம் வளைவோட உள் விளிம்புலயும் தூணோட அடியிலயும் மட்டும் கல்லுக்கோட்ட வச்சேன். அதுக்கு அப்புறம்தான் அந்த வளைவு மேல எழும்பி நின்னுச்சு.

பீலிக்கரை, பண்ற முறை இப்பிடி. கூரைப் பலகைக்கு கோடு கோடா ஒரு டெக்ஸ்சர் (யூவியில, அதாவது பொருளோட மேல்பரப்புல ஒட்டுற கணக்குல, தகரத்தோட ஓட்டம் பாத்து). அதுக்கு மேல ஒரு நொய்ஸ் டெக்ஸ்சர், கலர் ராம்ப் வச்சு வெட்டி திட்டு திட்டா ஆக்கி, கோட்டோட பெருக்குங்க, திட்டுக்குள்ள மட்டும் அலை தெரியும். நொய்ஸ நம்பி விட்டா கண்ட எடத்துல விழும், அதனால டெக்ஸ்சர் பெயிண்ட்ல நீங்களே தடவிக் குடுங்க: நுனிப்பக்கம், புகைக்கூண்டு பக்கம், நிழல் விழுற எடம். டீச்சர் சொன்ன கணக்குத்தான்.

இன்னொண்ணு. நீங்க "தெரியாதத வெள்ளையா விடணும்"னு சொன்னீங்க பாருங்க, 1996ல ஜெர்மனிப் பக்கம் கட்டடக் கலைஞர்கள்கிட்ட இதையே கேட்டு பாத்திருக்காங்க. ஒரே கட்டடத்த பளபளன்னு ஒண்ணு, ஸ்கெச் மாதிரி ஒண்ணுன்னு காட்டுனா, ஆரம்பக் கட்டத்துல வாடிக்கையாளருக்கு காட்ட ஸ்கெச்சத்தான் அவங்க விரும்பியிருக்காங்க. ஸ்கெச்ச பாக்குறவங்க "இத இப்பிடி மாத்தலாமே"ன்னு பேச்ச ஆரம்பிப்பாங்க, பளபளப்ப பாத்தா எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிருவாங்க. உங்க அம்மாயி "யாரு வூடு"ன்னு கேட்டுட்டு பேசாம இருந்ததுக்கு இதுதான் காரணமோன்னு எனக்கு படுது.

ரோலர் ரூம்

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், நான் மஸ்கெலியா பக்கம் ஒரு ஸ்டோர்ல மெஷின் பாக்குறவன். தேயிலைக் கொழுந்து சுருட்டுற ரோலர் மெஷின 3டியில பண்ணி புதுசா வர்ற பொடியன்களுக்கு படமா காட்டலாம்னு பாக்குறேன். கறுப்புக் கோடு மட்டும் போட்டா எந்தப் பக்கம் முன்னுக்கு நிக்குதுன்னு வெளங்குதில்ல, நிழல் போட்டா உள் பாகம் எல்லாம் இருட்டாகி நட்டு போல்ட்டு காணாம போகுது. என்னா செய்ய?

சவுக்குமரம்

அண்ணே உங்களுக்குன்னே ஒரு முறை இருக்கு, கூச் ஷேடிங்னு பேரு, 1998ல வந்தது, மெஷின் படம் வரையிறதுக்காகவே யோசிச்சது. வெளிச்சம் படுற பக்கத்துக்கு மஞ்சள் கலந்த சூட்டு நெறம், படாத பக்கத்துக்கு நீலம் கலந்த குளிர் நெறம். கறுப்புக்கும் போகாது வெள்ளைக்கும் போகாது, ரெண்டு பக்கமும் நடுத்தரமாவே நிக்கும். அதனால ஓரத்துல போடுற கறுப்புக் கோடும், பளிச்சுன்னு விழுற வெள்ளைப் புள்ளியும் தனியா எடுத்துக் காட்டும், நட்டு போல்ட்டு நிழலுக்குள்ள ஒளியாது. ப்ளெண்டர்ல ஈவியில (அதோட வேகமான ரெண்டர் முறை) டிஃபியூஸ் ஷேடர், அதுலருந்து ஷேடர் டு ஆர்ஜிபி, அதுலருந்து கலர் ராம்ப்ல நீலத்துலருந்து மஞ்சளுக்கு. ஷேடர் டு ஆர்ஜிபி ஈவியில மட்டும்தான் வேல செய்யும், சைக்கிள்ஸ்ல வராது, அத கவனிங்க.

மூடுபனி

சவுக்கு அண்ணே சொன்ன உள் மூலை விசயம் சரிதான், செக் பண்ணி பாத்தேன், ஒத்துக்கிறேன்.

நிழலுக்கு பென்சில் கீறல் போடுறதுல ஒரு எடத்துல எல்லாரும் மாட்டிக்குவாங்க அத சொல்லிர்றேன். கீறல் டெக்ஸ்சர விண்டோ கோஓர்டினேட்ல (பொருள்ல இல்லாம திரையில ஒட்டுறது) வச்சா ஒரு நிலைப்படத்துக்கு அழகா இருக்கும், பேப்பர் மேல கீறுன மாதிரியே. ஆனா கேமரா நகர்ந்தா வீடு நகரும், கீறல் அப்பிடியே நிக்கும், பூப்போட்ட கண்ணாடிக் கதவு வழியா பாக்குற மாதிரி ஆகிடும். அதுக்கு குளியலறைக் கதவு எஃபெக்ட்னே பேரு வச்சிருக்காங்க. பார்பரா மையர் 1996ல இதுக்குத்தான் தூரிகைத் தடத்த எல்லாம் பொருளோட மேல்பரப்புலயே புள்ளி புள்ளியா ஒட்டி வச்சாங்க, பொருள் நகர்ந்தா தடமும் கூடவே போகும். நீங்களும் அசையுற படம் எடுக்குறதா இருந்தா யூவியில ஒட்டுங்க, ஒரு படம்தான்னா விண்டோவே போதும்.

நிழல் ஆழத்துக்கு தனித்தனி கீறல் படம் வரையும்போது ஒண்ணு செய்யுங்க: லேசான நிழல்ல இருக்குற கோடு எல்லாம் கடும் நிழல்லயும் அதே எடத்துல இருக்கணும், அதுக்கு மேல புதுக்கோடு சேரணும். இல்லேன்னா நிழல் மாறுற எடத்துல கோடு தாவும். 2001ல பிரவுன், ஹோப் எல்லாரும் ரியல் டைம்ல கீறல் போடுறதுக்கு பாவிச்ச வழி இது. 

அப்புறம் நம்ம ஊருக்கு முக்கியமானது பனி. மலைய பின்னால வைப்பீங்கல்ல, தூரம் போகப்போக கோடு மெலியணும். ஃப்ரீஸ்டைல்ல "டிஸ்டன்ஸ் ஃப்ரொம் கேமரா"ன்னு தடிப்புக்கு ஒண்ணு, தெளிவுக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டயும் போடுங்க, கடைசி மலைக்கு கோடே வேணாம், சாம்பல் தண்ணிச் சாயம் மட்டும்.

சித்திர டீச்சர்

மூடுபனி தம்பி, அழகாகச் சொன்னாய். காலையில் இங்கே பனி ஏறும்போது நான் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு வந்து காட்டுவது அதைத்தான், எந்த மரத்துக்கு ஓரம் இருக்கிறது எதற்கு இல்லை என்று பாருங்கள் என்பேன்.

மகன் எனக்கு இப்படி ரெண்டர் செய்த சில படங்களைக் காட்டினான். ஒன்று மனதை உறுத்துகிறது. கையால் வரைந்த மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லாக் கோட்டையும் நடுங்க வைத்திருக்கிறார்கள். கை பழகியவரின் கோடு நடுங்காது. அது ஊன்றித் தொடங்கும், நடுவில் ஓடும், முடிவில் மெலிந்து விலகும். மூலையில் இரண்டு கோடு சந்திக்கும்போது சில சமயம் ஒன்றை ஒன்று தாண்டிப் போகும், அதை அழிக்கத் தேவையில்லை. நீளமான கோட்டில் ஒரே ஒரு மெல்லிய வளைவு இருக்கும். அவ்வளவுதான். நடுங்குவது பயந்த கை.

சவுக்குமரம்

டீச்சர் நான் பத்து வருசமா நொய்ஸ கூட்டி கூட்டி போட்டுக்கிட்டு இருந்தவன், இன்னைக்கு கொறைக்கப் போறேன்.

பீலிக்கரை, டீச்சர் சொன்னத செட்டிங்கா சொல்றேன். கோடு மூலைய தாண்டிப் போக க்ரீஸ் பென்சில்ல (லைன் ஆர்ட் கோடு வந்து விழுறது இதுலதான்) லெங்த் மொடிஃபயர், ஃப்ரீஸ்டைல்ல பேக்போன் ஸ்ட்ரெச்சர். தொடங்குறப்ப தடிப்பு முடியிறப்ப மெலிவுக்கு திக்னஸ் மொடிஃபயர்ல கேர்வ். நொய்ஸ் போட்டாலும் அலை நீளமா வர்ற மாதிரி வச்சு அளவ கொறைச்சு வைங்க, அப்ப நடுக்கம் போயி ஒரு நீள வளைவு மட்டும் வரும். அசையுற படமா எடுத்தா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கோட்ட மாத்தாதீங்க, கண்ணு வலிக்கும், ஸ்டெப்ப ரெண்டோ மூணோ வச்சா போதும்.

தெரியாத எடத்துக்கு ஒரு யோசனை. தொல்பொருள்காரங்க அழிஞ்சு போன செவத்த வரையும்போது இருக்குறத முழுக்கோடாவும், இருந்திருக்கும்னு நினைக்கிறத புள்ளிக்கோடாவும் போடுவாங்க. நீங்களும் மூணு கலெக்‌ஷன் வைங்க: அம்மாயி உறுதியா சொன்னது, சந்தேகமா சொன்னது, நீங்களா ஊகிச்சது. ஒவ்வொண்ணுக்கும் தனி லைன் ஆர்ட். மொதல்ல உள்ளதுக்கு ஊன்றுன கோடு, ரெண்டாவதுக்கு மெல்லிசு, மூணாவதுக்கு டொட் டேஷ் மொடிஃபயர். ஞாபகம் தெளிவானா பொருள ஒரு கலெக்‌ஷன்லருந்து இன்னொண்ணுக்கு இழுத்துப் போட்டா போதும், கோடு தானா மாறிடும்.

கொழுந்துக்கூடை

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, போன்லயே போட்டோவ பென்சில் படமா மாத்துற ஃபில்டர் இருக்கே?

மூடுபனி

அதுக்கு மொதல்ல போட்டோ வேணுமே அக்கா, இங்க லயமே இல்ல. அதோட ஃபில்டருக்கு தெரியிறது வெளிச்சமும் இருட்டும்தான். செவத்துல இருக்குற கறைக்கும் கதவு ஓரத்துக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது, ரெண்டுக்கும் ஒரே கோட்ட போடும், அதே நேரம் வெள்ளைச் செவரும் வெள்ளை வானமும் சேருற எடத்துல கோடே போடாது. மொடல்ல இது கதவு இது செவருன்னு நம்ம சொல்லி வச்சிருக்கோம்.

பீலிக்கரை

மூணு கிழமைக்கு அப்புறம் வர்றேன், எல்லாருக்கும் நன்றி சொல்லாம தூக்கம் வரல.

தட்டைக் கூரை வச்சேன், நுனியில மட்டும் அலை, புகைக்கூண்டு பக்கம் ஒரு திட்டு. முந்தி டீ குடிச்சிட்டு வர்ற நேரம் ஆன படம் இப்ப ஒரு நிமிசத்துக்குள்ள வருது. மூணு கலெக்‌ஷனும் வச்சேன். பின்னால இருக்குற மலைக்கு கோடு இல்ல, சாயம் மட்டும். டீச்சர் சொன்னபடி நடுக்கத்த எடுத்துட்டு மூலையில மட்டும் கோட்ட தாண்ட விட்டேன்.

ஏ3 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து போயா (பௌர்ணமி) லீவுக்கு வீட்டுக்கு கொண்டுபோனேன். அம்மாயி கண்ணாடிய போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் இஸ்தோப்புல வெள்ளையா விட்டிருந்த ஒரு மூலையில வெரல வச்சு "இங்க எங்கம்மா படங்கையும் கூடையையும் மாட்டுற ஆணி"ன்னு சொல்லிச்சு. படங்குன்னா கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்புல கட்டுறது. அது நான் கேக்கவே இல்லாத விசயம், எனக்கு கேக்கவும் தெரிஞ்சிருக்காது. அதுக்குப் பிறகு நிக்கவே இல்ல. பிரட்டுக்கு (காலையில வேலைக்கு பேர் குடுக்குற எடம்) போற குறுக்குப் பாதை, மழைத்தண்ணிக்கு வைக்கிற தகர பீப்பா, பக்கத்து காம்பராவுல இருந்த கிழவி இஸ்தோப்புல போட்டிருந்த பலகை. நான் பேனாவ குடுத்தேன், பேப்பர் மேலயே கோடு போட்டுக் காட்டிச்சு.

பின் காம்பரா ஜன்னல் மட்டும் இன்னும் முடிவாகல. அம்மாயி இருந்துச்சுன்னு சொல்லுது, தங்கச்சி சின்னம்மாயி இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுது. அது புள்ளிக்கோடாவே இருக்கட்டும்.

சித்திர டீச்சர்

அம்மாயி பேனாவால் போட்ட அந்தக் கோடுகளை அழித்துவிடாதே மகள். மொடலில் திருத்தியதோடு அந்தத் தாளையும் அப்படியே ஸ்கேன் செய்து வை. அடுத்த முறை பிரிண்ட் எடுக்கும்போது நாலு பக்கமும் அகலமாக வெறும் இடம் விட்டு எடு, எழுத இடம் வேண்டும்.

பீலிக்கரை

சரி டீச்சர். அடுத்த படம் அடுப்படியிலருந்து, ஸ்டோரு தெரியிற பக்கம். ஸ்டோருக்கு எத்தன மாடி, எத்தன ஜன்னல்னு அம்மாயிக்கு தெரியல, ரோலர் ரூம் அண்ணே அந்தக் காலத்து ஸ்டோர் கட்டடம் உள்ள எப்பிடி இருக்கும்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?

ரோலர் ரூம்

சொல்றேன் தங்கச்சி. கீழ்த் தளத்துல ரோலர், அடுப்பு, சலிக்கிற மெஷின் எல்லாம். கொழுந்து வாட்டுறது மேல் மாடிகள்ல, காத்து நல்லா வரணும், அதனாலதான் மேல வரிசை வரிசையா அவ்வளவு ஜன்னல். நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் எங்க ஸ்டோருக்கு முன்னுக்கு நின்னு ஜன்னல் எண்ணிட்டு வர்றேன். உங்க ஸ்டோருக்கு அதே கணக்கு வரும்னு இல்ல, அதனால ஊகிச்ச கலெக்‌ஷன்லயே போட்டு வைங்க.